குண்டு இருந்த பக்கம்

1980களில் ஒரு சித்திரை மாதம். புதுச்சேரியில் பழைய தெரு ஒன்றில், தார் ரோட்டுக்கு அடியில் புதைந்துபோன குடிநீர்க் குழாய் வால்வு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். நான் குமாஸ்தா. வால்வுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் குழாய்ப் படம் பிரெஞ்சுக்காரர் காலத்தது. அதில் இருந்த எழுத்தை வாசிக்க எங்கள் ஆபீசில் நான் ஒருவன்தான் இருந்தேன். "நீங்க வந்து படிச்சுச் சொல்லிட்டு மட்டும் போங்க சார்" என்று ஓவர்சியர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

வேறொரு இலாகாவில் இரவல் வாங்கிய மெட்டல் டிடெக்டர் வைத்த இடமெல்லாம் கத்தியது. பிடித்திருந்த பையன் நடந்தால் கத்தும், நின்றால் அடங்கும், மறுபடி காரணமில்லாமல் கத்தும். பாட்டரி மாற்றிப் பார்த்தோம். குமிழைத் திருகிப் பார்த்தோம். நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்த வயதான மேஸ்திரிதான், "மொதல்ல அவன் பூட்ஸைக் கழட்டச் சொல்லுங்க" என்றார். முனையில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ்! கழற்றியதும் பாதி இரைச்சல் போயிற்று. பக்கத்தில் ஒருவன் தோளில் சாய்த்திருந்த கடப்பாறையைத் தூரப் போடச் சொன்னதும் மீதியும் போயிற்று.

வால்வு கிடைத்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு கருவி, இதைவிடப் பெரிய இடத்தில், இப்படியே தாறுமாறாகக் கத்திய கதை ஒன்று உண்டு. அது 1881இல் அமெரிக்க ஜனாதிபதியின் படுக்கையருகே நடந்தது.

அந்த வருஷம் ஜூலை 2ஆம் தேதி, வாஷிங்டன் ரயில் நிலையம் ஒன்றில் ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சார்ல்ஸ் கிட்டோ என்பவன் இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போயிற்று. இன்னொன்று முதுகில் வலப்பக்கமாக நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. எங்கே தங்கியது என்பதுதான் கேள்வி. எக்ஸ்-ரே வருவதற்கு இன்னும் பதினான்கு வருஷம் இருந்தது. மருத்துவர்கள் தங்கள் விரலையும் சலாகையையும் காயத்துக்குள் விட்டுத் தேடினார்கள். கை கழுவும் வழக்கம் அப்போது அங்கே பெரிதாக இல்லை. ஐரோப்பாவில் லிஸ்டர் சொன்ன கிருமிநாசினி முறையை அமெரிக்க மருத்துவர்களில் பலர் இன்னும் ஏற்றுக்கொள்ளாத காலம் அது.

சிகிச்சைப் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டவர் பிளிஸ் என்ற மருத்துவர். வேடிக்கை என்னவென்றால் அவருடைய பெற்றோர் அவருக்கு வைத்த பெயரே 'டாக்டர்'. டாக்டர் டாக்டர் பிளிஸ்! குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு.

இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்து உதவிக்கு வந்தவர் டெலிபோன் கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல். அப்போது அவருக்கு வயது 34. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெலிபோனுக்காகப் பிரான்ஸ் அரசு 1880இல் அவருக்கு வோல்டா பரிசாக 50,000 பிராங்க் கொடுத்தது. அந்தப் பணத்தில்தான் வாஷிங்டனில் அவர் ஆராய்ச்சிக்கூடம் வைத்தார். குண்டு தேடும் கருவியைச் செப்பனிட்டதும் அங்கேதான், டெயின்டர் என்ற உதவியாளரோடு.

கருவியின் தத்துவம் எளிது. கம்பிச் சுருள்களை ஒன்றையொன்று சமன் செய்யும்படி வைத்து, விட்டு விட்டு மின்சாரம் பாய்ச்சுவது. சமநிலை சரியாக இருந்தால் காதில் வைத்த டெலிபோனில் சத்தமே வராது. அருகில் உலோகம் வந்தால் சமநிலை குலைந்து 'ஙொய்' என்று கேட்கும். அந்தச் சத்தம் எங்கே கூடுகிறது என்று காதால் கேட்டு இடம் கண்டுபிடிக்க வேண்டும். ஹ்யூஸ் என்ற ஆங்கிலேயர் 1879இல் செய்துகாட்டிய தராசுதான் இதற்கு மூலம். இன்று கோயில் வாசலில் நம்மைப் பார்த்துக் கத்துகிற சட்டத்துக்கு இதுதான் பாட்டன்.

பெல் அவசரப்பட்டு ஜனாதிபதியிடம் ஓடவில்லை. மாட்டிறைச்சிக்குள் குண்டை வைத்துத் தேடிப் பார்த்தார். உள்நாட்டுப் போரில் பட்ட குண்டை உடம்பிலேயே சுமந்து திரிந்த பழைய சிப்பாய்கள் மேல் வைத்துப் பார்த்தார். எங்கள் தெருவில் இந்தோசீனாவிலிருந்து தொடையில் ஒரு சில்லோடு திரும்பிய சொல்தா தாத்தா ஒருவர் இருந்தார். மழை வந்தால் வலிக்கும் என்பார். பெல் தேடியது அவரைப் போன்றவர்களைத்தான்.

ஜூலை 26ஆம் தேதி மாலை கருவி வெள்ளை மாளிகைக்குப் போயிற்று. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒழுங்காக வேலை செய்தது அங்கே படபடவென்று பொரிந்தது. எந்தச் சத்தம் குண்டு, எந்தச் சத்தம் கோளாறு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெல் தலைகுனிந்து திரும்பினார். பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவசரத்தில் கண்டென்சரைத் தப்பாக இணைத்திருந்தார்கள். அவ்வளவுதான். நோயாளி ஜனாதிபதியாக இருந்தாலும் கம்பி கம்பிதான்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி இரண்டாம் முறை. கண்டென்சர் சரி. இப்போது பொரிச்சல் இல்லை, ஆனால் மெல்லிய சத்தம் ஒரு புள்ளியில் நிற்காமல் பரவலாகக் கேட்டது. பிளிஸ் இதையே தன் கட்சிக்கு ஆதரவாக எடுத்துக்கொண்டார். குண்டு நான் சொன்ன இடத்தில்தான் என்று செய்தி வெளியே போயிற்று. பெல்லுக்குத் திருப்தி இல்லை. கட்டிலில் ஏதாவது உலோகம் உண்டா என்று பிறகு விசாரித்தார். குதிரை மயிர் மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பியால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது!

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மெத்தைக் கம்பி கருவியை ஏமாற்றியது, ஜனாதிபதி இறந்தார் என்று. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பெல் 1882இல் இதைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை வேறு சொல்கிறது. அதே மாதிரி மெத்தை ஒன்றை வரவழைத்து அவரே சோதித்துப் பார்த்திருக்கிறார். அகலக் கண் உள்ள வலை அது. கட்டில் முழுக்கக் கம்பி இருந்தும், சத்தம் வந்த இடமோ சிறியது. ஆகவே கெடுதல் மெத்தையால் வந்ததாகத் தோன்றவில்லை என்பது அவர் கணிப்பு.

அப்படியானால் குண்டு எங்கே? அந்த ஆகஸ்டில் பெல்லின் வீட்டிலும் துக்கம். குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. அதற்கிடையிலும் அவர் கருவியின் எட்டும் தூரத்தைக் கூட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் 19ஆம் தேதி, சுடப்பட்ட 79ஆம் நாள், கார்ஃபீல்ட் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம், கணையத்துக்குப் பின்னால், சுற்றிலும் சதை மூடிப் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அது அவரைக் கொல்லவில்லை. கழுவாத விரல்கள் கொண்டுபோன சீழ்தான் கொன்றது என்று பிற்கால மருத்துவர்கள் சொல்கிறார்கள். கிட்டோவும் கோர்ட்டில் இதே வாதத்தைத்தான் வைத்தான். அவனை 1882 ஜூனில் தூக்கிலிட்டார்கள்.

குண்டு இருந்த ஆழம் தன் கருவிக்கு எட்டாதது என்று பெல் நேர்மையாக எழுதிவைத்தார். இருக்கலாம். ஆனால் பிளிஸ் தேட விட்டது வலப்பக்கத்தை மட்டும். இடப்பக்கம் ஒரு முறையாவது கருவியை வைத்துப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான். இரண்டு முறை சத்தம் தாறுமாறாக வந்தபோதும் பெல் கம்பியைச் சந்தேகித்தார், கண்டென்சரைச் சந்தேகித்தார், கட்டிலைக்கூடச் சந்தேகித்தார். பிளிஸ் மட்டும் எதையும் சந்தேகிக்கவில்லை.

எங்கள் வால்வுக்கு வருகிறேன். பூட்ஸும் கடப்பாறையும் போன பிறகு கருவி ஊமையாகிவிட்டது. ஓவர்சியர் காட்டிய வலப்பக்கத்தில் ஒரு முனகல்கூட இல்லை. "முன்னாடி இருந்தவர் எனக்கு இந்தப் பக்கம்னுதான் சொன்னார்" என்று அங்கேயே தோண்டச் சொன்னார். படத்தில் 'கோத்தே கோஷ்', கடலைப் பார்த்து இடப்பக்கம், என்று தெளிவாக இருந்தது. நான் மெதுவாகச் சொன்னேன். "சார், நீங்க படிக்கத்தான் வந்தீங்க" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று நாளில் மூன்று குழி. தெருவுக்குத் தண்ணீர் இல்லை. நான்காம் நாள் மேஸ்திரி யாரையும் கேட்காமல் கருவியை இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். ஒரு முழ ஆழத்தில் வால்வு இருந்தது.

தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டுமே. 'பழைய வரைபடம் தெளிவாக இல்லாமையால்' என்று ஓவர்சியர் சொன்னார். கோப்பில் அதை எழுதியது நான்தான்.