நாராயணஸ்வாமி எப்படி நாராயண் ஆனார்?

ஒரகடத்துல வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வெளிநாட்டு டீமோட ஒரு கால். என் பேர் வாயில நுழையலன்னு பாதியா வெட்டிட்டாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டேன். இன்னைக்கு எபிசோட், அதே மாதிரி பேர் வெட்டுப்பட்ட ஒரு நாவலாசிரியரைப் பத்தி.

ராசிபுரம் கிருஷ்ணஸ்வாமி நாராயணஸ்வாமி. 1906-ல் சென்னையில பிறந்தவர், அப்புறம் மைசூர்வாசி. 1930 விஜயதசமி அன்னைக்கு, பாட்டி குறிச்சுக் கொடுத்த நல்ல நாள்ல, தன்னோட முதல் நாவலை ஆங்கிலத்துல எழுத ஆரம்பிச்சார். முடிச்சு லண்டனுக்கு அனுப்பினா, ஒவ்வொரு பதிப்பகமும் திருப்பி அனுப்புது. வெறுத்துப்போய், ஆக்ஸ்போர்டுல இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார்: அந்தப் பிரதியில கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில போட்டுடு!

பூர்ணா போடலை. அதை எழுத்தாளர் கிரஹாம் கிரீன்கிட்ட படிக்கக் கொடுத்தார். கிரீனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகத்துக்குப் பரிந்துரை பண்ணார்.

அதுக்கப்புறம்தான் திருத்தங்கள். ஆங்கிலத்துல சின்னச் சின்ன மாற்றங்கள். ‘ஸ்வாமி, தி டேட்’ங்கிற தலைப்பு ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ ஆச்சு. கிப்ளிங்கோட ‘ஸ்டாக்கி அண்ட் கோ’ ஞாபகம் வரட்டுமேன்னு ஒரு கணக்கு. கடைசியா பேரு. நூலகத்துக்கு வர்ற பாட்டிமார்களுக்கு ஞாபகம் நிக்காத பேரா இருந்தா விற்பனை அடிபடும்னு கிரீன் எழுதினார். நாராயணஸ்வாமி, ஆர்.கே. நாராயண் ஆனார்.

1935 அக்டோபர்ல புத்தகம் வந்தது. அவருக்கு 29 வயசு. கிட்டத்தட்ட நம்ம வயசு. விமர்சனங்கள் நல்லா வந்தும் புத்தகம் சரியா விக்கலை. விற்பனைக்காகப் பேரையே வெட்டியும் இதுதான் கதி! அடுத்த நாவல் 1937-ல் நெல்சன்ல, மூணாவது 1938-ல் மேக்மில்லன்ல. மூணு புத்தகம், மூணு பதிப்பகம்.

அப்போ அவரைக் காப்பாத்தினது எது? சுருக்கின பேர் இல்லைன்னு தோணுது. ஒவ்வொரு தடவை கதவு மூடினப்பவும் அடுத்த கதவைத் தட்டின கிரீன்தான். ரெண்டு பேரும் நேர்ல பார்த்துக்கிட்டது பல வருஷம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் எல்லாமே கடிதம்தான்.

பேரும் தலைப்பும் மாறுச்சு. ஆனா ஸ்வாமியோட பாட்டி, கிரிக்கெட் டீம், மால்குடி ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் உள்ள அப்படியே இருக்கு. அட்டையில விட்டுக்கொடுத்தவர், ஊரை விட்டுக்கொடுக்கலை.

உங்க பேரை யாராவது சுருக்கியிருக்காங்களா? நீங்க என்ன சொன்னீங்க? எழுதி அனுப்புங்க, அடுத்த வாரம் பேசலாம்.