கனத்த எலும்பும் வலிய எலும்பும்

தமிழில் 'புரை' என்னும் சொல்லுக்கு உட்டுளை என்ற பொருளும் உண்டு. குற்றம் என்ற பொருளும் உண்டு. ஆஸ்டியோபோரோசிஸ் நோய்க்கு 'எலும்புப்புரை' என்று முதலில் பெயர் சூட்டியவர் யாராயினும் அவர் பாராட்டுக்குரியவர். மூலச்சொல்லை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து நோய்க்கூற்றியல் அறிஞர் லோப்ஸ்டைன். இறந்தோர் எலும்புகளை ஆராய்ந்த அவர், சிலவற்றுள் இயல்புக்கு மிஞ்சிய துளைகளைக் கண்டார். கிரேக்க வேர்களைக் கொண்டு 'துளைபட்ட எலும்பு' என்ற பொருளில் பெயரிட்டார். கண்ணுக்குத் தெரிந்தது துளை. பெயரும் துளையின் பெயராயிற்று.

ஒரு பெயர் சிந்தனைக்கு வழிகாட்டும். சில வேளை வழியை அடைக்கவும் செய்யும். நோய் என்பது துளைதான் என்றால், துளையை அடைப்பதே மருந்து என்று தோன்றுவது இயல்பு. இருபதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மருத்துவ உலகம் அவ்வழியில் நடந்து பார்த்தது. அந்த வரலாற்றின் ஒரு முனை பழைய சென்னை மாகாணத்துக் கிணறுகளில் இருக்கிறது. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நமக்கு எலும்பு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஒரு சொல்லின் பொருள் எங்கே குறைபட்டது என்று பார்ப்பது நமது தொழிலுக்கு உட்பட்டதே.

எலும்பு உயிரற்ற தூண் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஓயாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வரும் வீடு. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்தெடுக்கின்றன. மற்றொருவகை அக்குழியில் புதியதை நிரப்புகின்றன. வளர்ந்தோர் உடலில் ஆண்டுதோறும் எலும்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. அரிப்பு மிகுந்து நிரப்பு குறையும்போது எலும்பு மெலிகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவதால் இந்தச் சமநிலை குலைகிறது என்பதை 1940, 1941 ஆண்டுகளில் நிறுவிக் காட்டியவர் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். கிழவியின் கூன் முதுமையின் இயல்பு என்று அதுவரை விட்டுவிடப்பட்டிருந்தது. அவருக்குப் பின் அது காரணமுள்ள நோயாக, ஆதலால் தடுக்கத்தக்க நோயாக மாறியது. எனினும் ஈஸ்ட்ரோஜன், எஞ்சியதைக் காக்குமேயன்றி இழந்ததைப் பெரிதாக மீட்டுத் தராது. புதிய எலும்பைக் கட்டித் தரும் பொருள் ஏதேனும் உண்டா என்ற தேடல் அங்கே தொடங்கிற்று.

அத்தகைய பொருள் ஒன்று, வேறொரு காரணத்திற்காக, முன்னரே கண்ணில் பட்டிருந்தது. கிரீன்லாந்தில் வெட்டியெடுத்த கிரையோலைட் என்னும் கனிமத்தைக் கோபன்ஹேகன் நகரத்து ஆலையில் பொடித்துச் சுத்தம் செய்வர். அந்தத் தூசியில் உழைத்தவர்களின் நுரையீரலைச் சோதிக்க எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலைப் பார்க்கப் போனவர்கள் கண்டது எலும்பை. விலாவும் முதுகெலும்பும் படத்தில் வழக்கத்திற்கு மாறான வெண்மையோடு, சுண்ணாம்பில் வார்த்தவைபோல் தெரிந்தன. 1932இல் மெல்லரும் குட்யான்சனும் இதனை வெளியிட்டனர். கிரையோலைட்டில் உள்ள ஃபுளோரைடே காரணம் என்று தெரிந்தது. அத்தொழிலாளரை மேலும் விரிவாக ஆராய்ந்த காய் ரோஹோல்ம், 1937இல் ஃபுளோரின் நஞ்சேற்றம் பற்றித் தனிநூலே எழுதினார்.

அதே 1937இல்தான் நம் பக்கத்துச் செய்தியும் அச்சேறியது. கிண்டி கிங் நிறுவனத்தைச் சார்ந்து பணியாற்றிய ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்ட நோயைப் பற்றி 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் எழுதினர். அங்கே ஆலை இல்லை, கனிமத் தூசி இல்லை. குடிநீரே நோயைத் தந்தது. கருங்கல் பாறைகளுக்கிடையே நெடுங்காலம் தங்கிய நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைந்திருந்தது. குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை, வளர்ந்தோர்க்கு மூட்டுவலி, பிறகு கழுத்தும் முதுகும் விறைத்துத் திரும்ப இயலாத நிலை. எலும்புகளைப் பிணைக்கும் நார்களும்கூடச் சுண்ணமேறி இறுகிவிடும். முற்றிய நிலையில் தண்டுவடம் நெரிபட்டுக் கைகால்கள் செயலற்றுப்போகும். எக்ஸ்ரே படத்தில் மட்டும் அவ்வெலும்புகள் மிகுந்த அடர்த்தியோடு, 'நல்ல' எலும்புகளைக் காட்டிலும் வெண்மையாகத் தெரியும்.

இனி 1961ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. பஞ்சாபில் ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்து முடங்கிப்போன நோயாளிகளின் நரம்புப் பாதிப்புகளை சிங், ஜாலி, பன்சல் ஆகிய மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் விவரித்தனர். அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் ரிச், என்சிங்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், நோயாளிகளுக்குச் சோடியம் ஃபுளோரைடு கொடுத்தால் அவர்கள் உடலில் கால்சியம் தங்குகிறது என்று அறிவித்தனர். இதன் வழியே எலும்புப்புரைக்கு மருந்து காணலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஓரிடத்தில் நஞ்சு என எழுதப்பட்ட அதே பொருள் இன்னோரிடத்தில் மருந்தாகும் வாய்ப்பு என எழுதப்பட்டது. இதில் முரண்பாடு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அளவைப் பொறுத்து நஞ்சும் மருந்தாகும் என்பது நம் சித்த மருத்துவ மரபும் அறிந்ததே. மெலிந்த எலும்புக்கு, எலும்பைத் தடிக்கச் செய்யும் பொருளைக் கொடுப்பது தருக்கத்திற்கும் பொருந்தியது.

1966இல் அந்தத் தருக்கத்திற்கு மேலும் வலு கிடைத்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களையும் குறைந்த ஊர்களையும் ஒப்பிட்ட பெர்ன்ஸ்டைன் குழுவினர், மிகுந்த ஊர்ப் பெண்களிடம் எலும்புப்புரை குறைவாக இருப்பதாக எழுதினர். அடுத்த இருபது ஆண்டுகளில் சோடியம் ஃபுளோரைடு பல நாடுகளில் எலும்புப்புரைக்குக் கொடுக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அனுமதி பெற்ற மருந்தாகவே விற்றது. மருந்தை உண்டவர்களின் முதுகெலும்பு அடர்த்தி ஆண்டுதோறும் ஏறியது. அளவீட்டுக் கருவி அந்த ஏற்றத்தைக் காட்டிற்று. மருத்துவரும் நோயாளியும் மகிழ்ந்தனர். துளை அடைபட்டுக்கொண்டிருந்தது.

அமெரிக்க அரசு மட்டும் இம்மருந்தை எலும்புப்புரைக்கு அங்கீகரிக்கவில்லை. அடர்த்தி ஏறினால் முறிவு குறையுமா என்ற எளிய கேள்விக்கு விடை தேடி மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரிக்ஸ் குழுவினர் ஒரு சோதனை நடத்தினர். மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள 202 பெண்கள் பங்கேற்றனர். எல்லோருக்கும் கால்சியம் கொடுக்கப்பட்டது. அத்துடன் பாதிப் பேருக்கு நாள்தோறும் 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடு. மற்றவர்க்கு வெற்று மாத்திரை. நான்கு ஆண்டுகள் நடந்த இச்சோதனையின் முடிவு 1990இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளியாயிற்று.

ஃபுளோரைடு உண்டவர்களுக்கு இடுப்புப்பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்திருந்தது. எந்த மருந்தும் அதுவரை காட்டியிராத உயர்வு. ஆனால் முதுகெலும்பு முறிவு குறையவில்லை: ஃபுளோரைடு பிரிவில் புதிய முறிவுகள் 163, மற்றதில் 136; இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. முதுகெலும்பு அல்லாத பிற எலும்புகளிலோ ஃபுளோரைடு பிரிவில் 72 முறிவுகள், மற்றதில் 24. மருந்து உண்ட பெண்களின் எலும்பு கனத்தது. கனத்த எலும்பு மும்மடங்கு முறிந்தது.

ஒரு சிறு கணக்கை நாம் போட்டுப் பார்த்தோம். 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடில் ஃபுளோரைடு மட்டும் ஏறத்தாழ 34 மில்லிகிராம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் உள்ள கெட்ட கிணற்றிலிருந்து வெயிலில் உழைக்கும் ஒருவர் நான்கு லிட்டர் குடித்தால் 20 மில்லிகிராம் சேரும். அவரை முடக்கும் அளவைக் காட்டிலும் மாத்திரையில் இருந்தது மிகுதி. அவர் வாழ்நாள் முழுதும் குடித்தார், இவர்கள் நான்கு ஆண்டுகள் உண்டனர் என்ற வேறுபாடு உண்மை. ஆயினும் அந்தக் கிணற்றின் நினைவு யாருக்கேனும் வந்திருக்கலாம் என்று நம் மனம் எண்ணாமலில்லை.

ஏன் முறிந்தது? எலும்பின் கனிமப் படிகத்தில் ஃபுளோரைடு புகுந்து அதன் அமைப்பை மாற்றிவிடுகிறது. கட்டும் உயிரணுக்களை அது தூண்டுவதும் உண்மையே. ஆனால் அவ்வாறு விரைந்து கட்டப்படும் எலும்பு ஒழுங்கற்றது. கனிமமும் அதில் சரிவரப் படிவதில்லை. நல்ல எலும்பின் வலிமை, அதிலுள்ள சுண்ணத்தின் எடையில் மட்டும் இல்லை. கொல்லாஜென் என்னும் புரத இழைகள், அவற்றின் மேல் படிந்த படிகங்கள், நுண்ணிய குறுக்குச் சட்டங்களின் பின்னல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதில் அது இருக்கிறது. பச்சை மூங்கிலும் காய்ந்த மூங்கிலும் ஒரே பருமன்தான். வளைத்துப் பார்க்கும்போதுதான் எது எது என்று தெரியும்.

இவ்விடத்தில் 1973ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று நினைக்கத்தக்கது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும், ஃபுளோரைடு மிகுந்த ஆந்திரச் சிற்றூர்களில் கால்கள் முழங்காலில் உட்புறம் வளைந்த இளையோரைக் கண்டு 'லான்செட்' இதழில் எழுதினர். அவர்களின் முதுகெலும்பு அடர்ந்திருந்தது. கைகால் எலும்புகளோ மெலிந்திருந்தன. கட்டுரையின் தலைப்பிலேயே எலும்புப்புரை என்ற சொல் இருக்கிறது. இப்போது மாயோ சோதனைக்குத் திரும்புவோம். அங்கே முதுகெலும்பு 35 விழுக்காடு கனத்தபோது முன்கை எலும்பின் அடர்த்தி 4 விழுக்காடு குறைந்திருந்தது. நடுவுடலில் ஏற்றம், கையில் இழப்பு. செலவு மிகுந்த சோதனை 1990இல் கண்ட வடிவத்தை, சோளச்சோறு உண்டு வாழ்ந்த ஏழைப் பிள்ளைகளின் எக்ஸ்ரே படங்கள் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தன. இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பார் இல்லை. ஒன்று ஊட்டச்சத்துக் குறைந்த ஏழைகளின் நோய் என்றும், மற்றது வசதி படைத்த மூதாட்டியரின் நோய் என்றும் வெவ்வேறு அலமாரிகளில் அவை இருந்தன.

ஃபுளோரைடு மருந்தின் வீழ்ச்சியால் விளைந்த நன்மை பெரிது. எலும்புப்புரைக்கென வரும் புதிய மருந்து அடர்த்தியை உயர்த்தினால் போதாது, முறிவைக் குறைத்துக் காட்டவேண்டும் என்பது உறுதியான விதியாயிற்று. 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, எலும்பின் வலிமை என்பது அடர்த்தியும் தரமும் சேர்ந்தது என்று நோயின் வரையறையையே திருத்தி எழுதியது. லோப்ஸ்டைன் சொல்லில் துளை மட்டும் இருந்தது. நம் 'புரை'யில் உள்ள குற்றம் என்னும் இரண்டாம் பொருள் அப்போதுதான் மருத்துவத்திற்குள் நுழைந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

அடர்ந்த எலும்பெல்லாம் கெட்டது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடலாகாது. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் ஸ்கிளிரோஸ்டியோசிஸ் என்னும் அரிய பரம்பரைக் குறைபாடு உண்டு. அவர்களின் எலும்புகளும் அளவுக்கு மிஞ்சி அடர்ந்தவை. ஆனால் எளிதில் முறிவதில்லை. மண்டையோடு தடித்து நரம்புகளை அழுத்துவதால் அவர்களுக்குச் செவிட்டுத்தன்மையும் முகவாதமும் நேர்கின்றன என்பது வேறு துயரம். அதற்குக் காரணமான மரபணுவை 2001இல் கண்டறிந்தனர். அது உண்டாக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் எலும்பு கட்டப்படுவதைத் தடுப்பது. அப்புரதத்தை மடக்கும் ரோமோசோசுமாப் என்னும் ஊசிமருந்து அதிலிருந்து பிறந்தது. 4,093 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், வழக்கமான அலெண்ட்ரோனேட் மருந்தைக் காட்டிலும், ஓராண்டு இதனையும் பின்னர் அலெண்ட்ரோனேட்டையும் பெற்றவர்களுக்கு முதுகெலும்பு முறிவு 48 விழுக்காடு குறைந்தது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய எச்சரிக்கையும் உடன் ஒட்டப்பட்டது.

நெல்லூரின் எலும்பும் ஆஃப்ரிக்கானர் எலும்பும் எக்ஸ்ரே படத்தில் ஒருசேர வெண்மைதான். ஒன்று நஞ்சின் பாதையையும் மற்றது மருந்தின் பாதையையும் காட்டியது. வெண்மையைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிய இயலாது.

பழைய கேள்வி இப்போது புதிய வடிவில் திரும்பியிருக்கிறது. முறிவை எண்ணி முடிக்கும் சோதனைகளுக்கு ஆயிரக்கணக்கானோர் பல ஆண்டுகள் வேண்டும். செலவு தாங்காமல் புதிய மருந்து முயற்சிகள் அருகிவிட்டன. ஆகவே அடர்த்தி ஏற்றத்தையே சான்றாக ஏற்கலாம் என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். 23 சோதனைகளில் பங்கேற்ற 91,779 பேரின் தரவுகளைத் திரட்டி 2020இல் வெளியான ஆய்வு, மருந்தினால் அடர்த்தி ஏற ஏற முறிவு குறைகிறது என்று காட்டியது. நாம் அறிந்த மருந்து வகைகளுக்கு அது நம்பத்தக்க முடிவே. நாளை வரவிருக்கும் முற்றிலும் புதிய பொருளுக்கும் அது பொருந்துமா என்று கேட்பவர், 1990ஐ மறவாதவர்.

ஐம்பதைக் கடந்த பெண்கள் பலர் கையில் இன்று எலும்பு அடர்த்தி அறிக்கை இருக்கிறது. மைனஸ் 2.5 என்ற எல்லைக்கோடு உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது. அந்த எண்ணை அலட்சியம் செய்யலாகாது. அந்த எண்ணே எலும்பு என்றும் கொள்ளலாகாது. முன்பு எலும்பு முறிந்ததுண்டா, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததுண்டா, ஸ்டீராய்டு மருந்து உண்டா என்று மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கும் சம இடம் உண்டு.

கிணறுகளின் கதையோ இன்னும் முடியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு நீருக்கு மாற்றாகக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. கிண்டியிலிருந்து அந்த முதல் கட்டுரை எழுதப்பட்டு 76 ஆண்டுகள் கழித்து. அந்த இடைவெளியில் பிறந்து, அந்நீரைக் குடித்து, முதுகு விறைத்துப்போன ஒரு தலைமுறையின் எலும்புகளை எந்த ஊசிமருந்தும் இனி இளக்கப்போவதில்லை.