லாயத்தில் வெடித்த பித்தளை

மாசி மகம் நெருங்கினால் விருத்தாசலத்துப் பெண்மணிகள் குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார்கள். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்ப நினைப்பவனுக்கும் ஏறக்குறைய இதே பாடுதான். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துப் பித்தளையை அரிக்கும். வெந்நீரில் அலசி, எலுமிச்சைப் புளிப்பில் ஊறப்போட்டுத் துலக்க வேண்டும். துலக்கினால் பொன் போல மின்னும். ஆனால் மின்னுவதெல்லாம் உறுதியானதல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு.

1857-ல் கலகத்தைக் கிளப்பியது கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா. காகிதம் போய்ப் பித்தளை வந்த பிறகு, இங்கிருந்த பிரிட்டிஷ் சேனையின் தோட்டாக்கள் மழை மாதங்களில் குதிரை லாயங்களில் கிடந்தன. பிறகு எடுத்துப் பார்த்தால், ஒரு தடவைகூடச் சுடாத கூடுகளில் விரிசல்! யாரைக் குற்றம் சொல்வது? பருவத்தின் மேல் பழி விழுந்தது. 'பருவ விரிசல்' என்றே பெயரிட்டார்கள். பாவம், மழை!

மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவர் 1921-ல் காரணத்தை விளக்கி எழுதினார்கள். உண்மைக் குற்றவாளி, குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஆவி. பித்தளையை அச்சில் இழுத்துக் கூடாக்கும்போது உலோகத்துக்குள் ஒரு விறைப்பு தங்கிவிடுகிறது. ஈரக் காற்றோடு வரும் அம்மோனியா அங்கேதான் பிளக்கும். மிதமான சூடு காட்டினால் விறைப்பு தணிந்துவிடும்.

அதனால்தான் அம்மோனியா கலந்த பாலிஷைத் தோட்டாக் கூட்டுக்கு ஆகாது என்று இன்றும் விலக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும். கூடு பிளந்தால் கொதிக்கும் வாயு சுடுகிறவன் முகத்திலேயே பாயக்கூடும்.