19 அங்குல ரேக்: வழங்கிகளின் இருப்பிடம் உருவான வரலாறு

வலையமைப்பில் இணைந்துள்ள பிற கணினிகளுக்குக் கோப்பு, மின்னஞ்சல், இணையப் பக்கம் முதலியவற்றைத் தரும் கணினி வழங்கி எனப்படும். பேச்சு வழக்கில் இதைச் சர்வர் என்கிறோம். வங்கியோ, மருத்துவமனையோ, பல்கலைக்கழகமோ, பெரிய நிறுவனங்களில் வழங்கிகளை மேசை மீது வைப்பதில்லை. ஆளுயரத்துக்கும் சற்று மேலான இரும்புச் சட்டத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகத் திருகிப் பொருத்துகிறார்கள். இச்சட்டமே ரேக். வழங்கியைச் செய்த நிறுவனம் எதுவானாலும், ரேக்கில் பொருத்தும் வகையாக இருந்தால் அதன் முகப்பின் அகலம் பெரும்பாலும் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர்.

இந்த 19 அங்குலம் கணினிக்காக வகுத்த அளவு அன்று. கணினி பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே தொலைபேசிப் பொறியாளர்கள் தங்கள் தேவைக்காக வகுத்துக்கொண்டது. இன்று ஒரு வழங்கியைப் பொருத்துபவர் கடைப்பிடிக்கும் விதிகள் பலவற்றின் காரணமும் அந்தப் பழைய வரலாற்றில் இருக்கிறது.

தொலைபேசி நிலையத்தில் பிறப்பு

கம்பி வழியே செல்லும் குரல், தொலைவு கூடக்கூட வலுவிழக்கும். நடுவழியில் அதை வலுப்படுத்தி மேலே அனுப்பும் கருவிக்கு ரிப்பீட்டர் என்று பெயர். வெற்றிடக் குழாயைக் கொண்டு நல்ல ரிப்பீட்டர் செய்ய முடிந்த பிறகுதான் நெடுந்தொலைவுத் தொலைபேசி கைகூடியது. 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கிலிருந்து அலெக்சாண்டர் கிரஹாம் பெல், சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தாமஸ் வாட்சனுடன் பேசினார். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பேச்சு சென்றது இந்த ரிப்பீட்டர்களின் துணையால்தான்.

தொடக்க கால ரிப்பீட்டர்களுக்கு ஒழுங்கான இருப்பிடம் இல்லை. பலகைத் தட்டுகளிலும் மரப்பெட்டிகளிலும் கிடைத்த இடத்தில் வைத்தனர். தடங்கள் பெருகியபோது நிலையங்களில் இடம் போதவில்லை. எனவே 1922ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் ஒரு பொது வடிவத்தை வகுத்தது. இரண்டு நெடிய இரும்புத் தூண்கள் நிற்கும். கருவிகளை 19 அங்குல அகலமுள்ள தகட்டில் அமைத்து, தகட்டின் இரு ஓரங்களையும் தூண்களில் திருக வேண்டும். கருவிக்கு ஏற்ப உயரம் மாறலாம். ஆனால் அந்த உயரம் 1.75 அங்குலத்தின் மடங்காகவே இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு பயன்கள் இருந்தன. முதலாவது, தரையில் பரவிக் கிடந்தவை மேல்நோக்கி அடுக்கப்பட்டதால் இடம் மிச்சமானது. இரண்டாவது, பழுதான ஒன்றை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம். மேலும் கீழும் உள்ள கருவிகளின் வழியே செல்லும் பேச்சு அறுபடாது. 1934ஆம் ஆண்டுக்குள் இவ்வடிவம் துளைகளின் இடைவெளி வரை நிலைபெற்றுவிட்டது. தொலைபேசி நிலையத்தின் ரிலேக்களைத் தாங்கிய சட்டம் என்பதால் இதற்கு ரிலே ரேக் என்ற பெயரும் உண்டு. அப்பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது.

யூ என்னும் அளவு

ரேக்கில் ஓர் அலகு உயரம் 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். இதற்கு யூ என்று பெயர். 1 யூ வழங்கி தட்டையானது. 2 யூ அதைப்போல் இருமடங்கு உயரம். பரவலாகப் பயன்படும் 42 யூ ரேக்கில் கருவிகளுக்குக் கிடைக்கும் உயரம் 73.5 அங்குலம்.

ஒவ்வொரு யூவுக்கும் தூணில் மூன்று துளைகள் உண்டு. துளைகளுக்கு இடையே அரை அங்குலம், ஐந்தில் எட்டு அன்று, எட்டில் ஐந்து அங்குலம், மீண்டும் எட்டில் ஐந்து அங்குலம் என்று இடைவெளி மாறி மாறி வரும். மூன்றையும் கூட்டினால் 1.75 அங்குலம். அரை அங்குல இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்த யூ தொடங்குகிறது. புதியவர்கள் இதைக் கவனியாமல் ஒரு துளை தள்ளி மாட்டிவிடுவதுண்டு. அப்படிச் செய்தால் அந்தக் கருவி இரண்டு யூக்களில் கால் வைத்து நிற்கும். அதற்கு மேலும் கீழும் உள்ள இடம் வீணாகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 1 யூ கருவியின் முகப்பை முழுமையாக 1.75 அங்குலத்துக்குச் செய்வதில்லை. 32இல் ஒரு பங்கு அங்குலம் குறைத்தே செய்கிறார்கள். ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். ஒவ்வொரு கருவியும் இந்தச் சிறு இடத்தை விட்டுக்கொடுப்பதால்தான் அண்டைக் கருவியோடு உரசாமல் எதையும் இழுத்து வெளியே எடுக்க முடிகிறது.

தொலைபேசிச் சட்டத்தில் கணினி

தொலைபேசிச் சட்டத்துக்கும் கணினிக்கும் உறவு இரண்டாம் உலகப் போரிலேயே ஏற்பட்டுவிட்டது. ஜெர்மனியின் லாரன்ஸ் மறைகுறிச் செய்திகளை உடைப்பதற்காகப் பிரிட்டனில் கொலோசஸ் என்னும் மின்னணுக் கணிப்பொறி உருவானது. அதை வடிவமைத்த தாமஸ் ஃபிளவர்ஸ், அஞ்சல் துறையின் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய தொலைபேசிப் பொறியாளர். தொலைபேசி நிலையங்களில் நிற்பவை போன்ற சட்டங்களிலேயே அவர் தம் கணிப்பொறியை அமைத்தார். 1944 பிப்ரவரியில் அது பிளெட்ச்லி பார்க்கில் வேலையைத் தொடங்கியது.

ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் கொண்ட பொறி அடிக்கடி பழுதாகும் என்று பலர் ஐயுற்றனர். ஃபிளவர்ஸ் தம் தொலைபேசி அனுபவத்தால் வேறொன்றை அறிந்திருந்தார். குழாய்களைப் போட்டுப் போட்டு அணைப்பதால்தான் பெரும்பாலும் பழுது நேர்கிறது. மின்சாரத்தை நிறுத்தாமலே வைத்திருந்தால் அவை நெடுநாள் உழைக்கும் என்பதே அது. இரவும் பகலும் ஓய்வின்றி இயங்கும் பொறி என்ற எண்ணம் இவ்வாறு தொலைபேசி நிலையத்திலிருந்து கணினிக்கு வந்தது.

1965இல் அமெரிக்காவின் மின்னணுத் தொழிலகக் கூட்டமைப்பு ஈஐஏ-310 என்ற பெயரில் ரேக் அளவுகளைப் பொதுத் தரமாக்கியது. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் உள்வீட்டு ஏற்பாடு இப்படி எவரும் பின்பற்றத்தக்க பொது அளவாயிற்று. அதே ஆண்டில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் பிடிபி-8 என்னும் சிறுகணினியை 18,000 டாலர் விலையில் வெளியிட்டது. மேசை மீது வைக்கும் வகை, ரேக்கில் மாட்டும் வகை என இரண்டும் கிடைத்தன. ஆய்வுக்கூடங்களில் அளவீட்டுக் கருவிகளுக்காக ரேக்குகள் ஏற்கெனவே இருந்தன. கணினியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

பொது அளவின் பயனை ரயில் பாதையோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். மீட்டர் கேஜ் பாதையில் பிராட் கேஜ் பெட்டி ஓடாது. இரு பாதைகளும் சந்திக்கும் நிலையத்தில் பயணிகள் இறங்கி மாற வேண்டியிருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ரேக்கில் அத்தகைய மாற்று நிலையம் வரவில்லை. ஒரு நிறுவனத்தின் வழங்கி, இன்னொன்றின் ஸ்விட்ச், மூன்றாவதன் யூபிஎஸ் ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தில் நிற்க முடிந்தது.

மேசையிலிருந்து ரேக்குக்கு

உலகின் முதல் இணைய வழங்கி ரேக்கில் இருக்கவில்லை. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியே அது. இது ஒரு வழங்கி, இதன் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்ற பொருளில் சிவப்பு மையால் கையெழுத்தில் எழுதிய ஒரு தாளை அதன் மேல் ஒட்டியிருந்தார்கள். மேசைக் கணினி போலவே தோன்றியதால் யார் வேண்டுமானாலும் அதை அணைத்துவிடக்கூடும் என்ற அச்சமே காரணம்.

இணையம் பரவியபோது வழங்கிகளின் எண்ணிக்கை பெருகியது. 1993இல் காம்பேக் நிறுவனம் புரோலையன்ட் என்ற வழங்கி வரிசையைத் தொடங்கியது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து இத்தகைய வழங்கிகள் ரேக்கில் மாட்டும் வடிவிலும் பெருமளவில் விற்கப்பட்டன. 1998இல் கோபால்ட் நெட்வொர்க்ஸ் நிறுவனம் ராக் என்ற 1 யூ வழங்கியை வெளியிட்டது. வாடிக்கையாளர்களின் இணையத்தளங்களைத் தாங்கும் நிறுவனங்கள் இவற்றை விரும்பி வாங்கின. ரேக்கில் இடம் வாடகைக்கு விடப்பட்டபோது யூவே வாடகைக் கணக்கின் அலகாகவும் ஆனது.

பொருத்தும் முறையும் அதன் காரணங்களும்

வழங்கியைப் பொருத்தும்போது கடைப்பிடிக்கும் விதிகள் எளியவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

முதலில் எடை. யூபிஎஸ், வட்டுப் பெட்டி போன்ற கனமானவை அடியில் இருக்க வேண்டும். பொருத்துவதும் கீழிருந்து மேலாக நடக்க வேண்டும். வழங்கிகள் தண்டவாளம் போன்ற இழுப்புச் சட்டங்களில் முன்னே வரக்கூடியவை. மேலே கனமான வழங்கியை முழுதும் வெளியே இழுத்தால் ரேக் முன்பக்கமாகச் சாய்ந்து ஆள் மேல் விழலாம். ஆகவே ரேக்கைத் தரையோடு பிணைப்பார்கள் அல்லது முன்னே தாங்குகால் வைப்பார்கள். ஒரே நேரத்தில் ஒரு வழங்கிக்கு மேல் இழுக்கக் கூடாது. 2 யூ வழங்கியைத் தூக்க இருவர் தேவை.

அடுத்தது திருகு. பழைய ரேக்குகளில் துளையிலேயே மரை வெட்டியிருக்கும். அது தேய்ந்துவிட்டால் தூணே பயனற்றுப் போகும். இக்காலத் தூண்களில் சதுரத் துளைகள் உள்ளன. அவற்றுள் கூண்டு நட்டு என்னும் சிறு நட்டைச் செருகி, அதில் திருகுகிறார்கள். மரை கெட்டால் நட்டை மாற்றினால் போதும். இன்றைய வழங்கிகள் பலவற்றின் இழுப்புச் சட்டங்கள் திருகே இல்லாமல் சதுரத் துளையில் கொளுவிக்கொள்ளும்.

மூன்றாவது மின்சாரம். நல்ல வழங்கியில் இரண்டு மின்வழங்கு பெட்டிகள் இருக்கும். இரண்டையும் ஒரே பிளக் வரிசையில் செருகினால் பயனில்லை. தனித்தனி மின்தடங்களில் இணைக்க வேண்டும். ஒரு தடம் போனாலும் மற்றது தாங்கும். ரேக்கின் இரும்புச் சட்டத்தைத் தரைக் கம்பியோடு இணைப்பது கட்டாயம். மின்கசிவிலிருந்து ஆளைக் காப்பது அதுவே.

நான்காவது வயர். மின்வயர் ஒரு பக்கமும் வலைவயர் மறுபக்கமும் போக வேண்டும். ஒவ்வொன்றின் இரு முனையிலும் எங்கிருந்து எங்கே செல்கிறது என்று சீட்டு ஒட்ட வேண்டும். இதைப் பெரும்பாலும் படிக்கப்போவது ஒட்டியவர் அல்லர். பல ஆண்டுகள் கழித்து நள்ளிரவில் பழுது பார்க்க வரும் வேறொருவர்.

பொருத்திய பின் மின்சாரம் தந்து, முதலில் தொலைமேலாண்மைத் துறைக்கு முகவரி அமைப்பார்கள். வழங்கி அணைந்திருந்தாலும் வலையமைப்பு வழியே அதை இயக்கவும் கண்காணிக்கவும் இது உதவும். 1998இல் இன்டெல், டெல், ஹியூலெட் பேக்கார்ட், என்இசி ஆகிய நிறுவனங்கள் ஐபிஎம்ஐ என்ற பொது விதியை இதற்காக வெளியிட்டன. இந்தத் துறையின் தொடக்கக் கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும். பொது இணையத்தில் அதைத் திறந்து வைக்கக் கூடாது. பிறகு ஒரு வட்டு கெட்டாலும் தரவு அழியாதபடி வட்டுகளை இணைத்தல், இயங்குதளத்தை நிறுவுதல், நிலையான வலை முகவரி தருதல், கடிகாரத்தைச் சரிசெய்தல், காப்புப்படி எடுத்தல் என்று வேலை தொடரும். இறுதியில், பயன்பாட்டுக்கு விடும் முன், ஒரு மின்வயரைப் பிடுங்கி வழங்கி நிற்காமல் ஓடுகிறதா என்று சோதிப்பது நல்ல வழக்கம்.

காற்றின் வழி

வழங்கி முன்பக்கம் குளிர்காற்றை இழுத்துப் பின்பக்கம் வெப்பக்காற்றை விடுகிறது. ரேக்குகளைப் பள்ளி வகுப்பு பெஞ்சுகள் போல ஒரே திசை பார்த்து வரிசையாக வைத்தால், முன்வரிசை விடும் வெப்பத்தைப் பின்வரிசை இழுத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் சல்லிவன் 1992இல் ஒரு முறையைச் சொன்னார். இரு வரிசைகளின் முகங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். முதுகுகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அப்போது ஒரு நடைவழியில் குளிர்காற்றும் அடுத்ததில் வெப்பக்காற்றும் தனித்தனியே நிற்கும். கருவி இல்லாத யூக்களை வெற்றுத் தகட்டால் மூடுவதும் இதற்காகத்தான். மூடாவிட்டால் பின்பக்க வெப்பம் அந்த இடைவெளி வழியே முன்னுக்குத் திரும்பிவிடும்.

அளவை மாற்றும் முயற்சிகள்

19 அங்குலத்தை எல்லோரும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளவில்லை. 1999இல் கூகுள் நிறுவனம் பெட்டியே இல்லாமல், ஒரு தட்டில் நான்கு கணினிப் பலகைகளைப் பரப்பி, அடியில் தக்கையை மின்காப்பாக வைத்து அடுக்கியது. அந்த ரேக்குகளுள் ஒன்று கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. 2011இல் ஃபேஸ்புக் தொடங்கிய ஓப்பன் கம்ப்யூட் திட்டத்தின் ரேக், உள்ளே 21 அங்குல அகலக் கருவிகளை ஏற்கிறது. ஓர் அலகின் உயரம் 48 மில்லிமீட்டர். ஆனால் வெளி அகலம் பழையபடி 600 மில்லிமீட்டர்தான். ஏற்கெனவே கட்டிய தளங்களில் அது நிற்க வேண்டுமே.

2024இல் என்விடியா அறிவித்த செயற்கை நுண்ணறிவு ரேக் ஒன்றில் 72 முடுக்கிச் சில்லுகள் உள்ளன. அது இழுக்கும் மின்சாரம் சுமார் 120 கிலோவாட். காற்றால் அதைக் குளிர்விக்க முடியாததால் நீர்மக் குழாய்கள் செல்கின்றன. அந்த நிறுவனம் ஓப்பன் கம்ப்யூட் ரேக்கை எடுத்துக்கொண்டு செய்த மாற்றங்களுள் ஒன்று, 19 அங்குலக் கருவிகளும் 1 யூ தட்டுகளும் அதில் பொருந்தும்படி செய்ததாகும். வெற்றிடக் குழாய் ரிப்பீட்டருக்காக வகுத்த அகலத்தில்தான் அந்தச் சில்லுகளும் அமர்ந்திருக்கின்றன.