பட்டு நெசவில் குழந்தைத் தொழிலாளர் (காஞ்சிபுரம் - ஆரணி வட்டாரம்)

பட்டு நெசவில் குழந்தைத் தொழிலாளர் என்பது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம், ஆரணி, செய்யாறு, வெம்பாக்கம் ஆகிய வட்டாரங்களில் கைத்தறிப் பட்டுச்சேலை நெசவில் சிறுவர் சிறுமியர் ஈடுபடுத்தப்பட்டதைக் குறிக்கும். இவர்களுள் பலர் பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாக வேலை செய்தனர். எனவே இது கொத்தடிமை முறையின் ஒரு வடிவமாகவும் கருதப்படுகிறது.

வேலையின் தன்மை

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. நெசவாளர் வலப்புறம் அமர்ந்து நெய்வார். இடப்புறக் கரைக்கான நாடாவைத் தள்ள ஒரு துணையாள் வேண்டும். இந்த இடத்தில் மனைவியோ உறவினரோ அமர்வதும் உண்டு. குறைந்த கூலிக்குக் கிடைத்ததால் குழந்தைகளும் அமர்த்தப்பட்டனர். நூல் சுற்றுதல், அறுந்த இழைகளை முடிதல் போன்ற வேலைகளையும் அவர்கள் செய்தனர். வெளிச்சம் குறைந்த அறையில், குழித்தறியில் நெடுநேரம் அமர்வதால் முதுகுவலியும் கண் சோர்வும் ஏற்பட்டன. பள்ளிக் கல்வி தடைப்பட்டது.

முன்பணம்

திருமணம், மருத்துவம் போன்ற செலவுகளுக்காகப் பெற்றோர் தறி உரிமையாளரிடம் முன்பணம் பெறுவர். கூலி குறைவாக இருந்ததால் கடன் எளிதில் தீராது. கடன் தீரும்வரை குழந்தை வேறிடம் செல்ல இயலாது. நெசவாளரே பல வேளைகளில் பட்டு வணிகருக்குக் கடன்பட்டவராக இருந்தார்.

சட்டங்கள்

* 1933: குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடை செய்யும் சட்டம்.
* 1976: கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். இதன்படி கொத்தடிமைக் கடன்கள் செல்லாதவை.
* 1986: குழந்தைத் தொழிலாளர் (தடை, முறைப்படுத்தல்) சட்டம். துணி நெசவு தடை செய்யப்பட்ட பணிகளுள் ஒன்று. ஆனால் குடும்பத்தினர் துணையுடன் நடத்தும் பட்டறைக்கு விலக்கு இருந்தது.
* 1996: சிவகாசி தொடர்பான எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறும் முதலாளி ஒரு குழந்தைக்கு ரூ. 20,000 செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.
* 2009: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (நடைமுறை: 2010).
* 2016: 14 வயதுக்குட்பட்டோரை எல்லா வேலைகளிலும் அமர்த்துவதற்குத் தடை. பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு.

குடும்ப விலக்கின் சிக்கல்

தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதால், அங்குள்ள குழந்தை மகனா, கூலிக்கு வந்தவனா என்பதை ஆய்வாளர் அறிதல் கடினம். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 1996, 2003 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகள் பட்டுத் தொழிலில் இருந்த கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி விரிவாகப் பேசின. இத்தகைய விலக்கு பிற நாடுகளிலும் உண்டு. 1899இல் நியூயார்க்கில் வேலைநிறுத்தம் செய்த செய்தித்தாள் விற்கும் சிறுவர்கள், தாள்களை வாங்கி விற்ற சிறு வணிகர்களாகவே கருதப்பட்டனர். வீடுகளுக்குச் செய்தித்தாள் வழங்கும் பணி அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் குழந்தைத் தொழிலாளர் விதிகளிலிருந்து இன்றும் விலக்குப் பெற்றுள்ளது.

மாற்றங்கள்

1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும் குழந்தைகளைப் பள்ளிக்கு ஈர்க்க உதவின. செய்யாறு, திருப்பெரும்புதூர் தொழிற்பூங்காக்கள் வந்தபின் இளைஞர் பலர் தறியை விட்டு ஆலை வேலைக்குச் செல்கின்றனர்.