தறி ஓடிய ஏழு வருடங்கள்

1971 ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர்கள் ஆயுதம் தூக்கினார்கள். அதே ஆண்டில்தான், டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் தாபனக் குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. வேலையற்றோர் தொகை அப்போது 5 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பெரும்பாலோர் பள்ளிக்கூடம் விட்டு வந்த இளவயதினர். படிப்பு வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புக்கும் நாட்டில் கிடைக்கிற வேலைக்கும் பொருத்தமில்லை என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத் கொண்டுவந்த சீர்திருத்தத்தை இந்தப் பின்னணியில் வைத்தே வாசிக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தின் இடத்தில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் வந்தது. அதில் தொழில் முன்னிலைப் பாடங்கள் சேர்க்கப்பட்டன. ஊரிலுள்ள தொழிலை வகுப்பறைக்குள் கொண்டுவருவது நோக்கம். பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. "தறியடிக்கிறதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? அத நானே வீட்டுல பழக்குவனே" என்று எங்கட மூத்தம்மா கேட்டது நினைவிருக்கிறது. அரசாங்க உத்தியோகத்துக்குத்தானே பிள்ளையைப் படிக்க அனுப்பினார்கள்! கேள்வியில் நியாயமும் இருந்தது.

ஆனால் கிழக்கிலே நம்மவர் பலருக்கு அந்நாளில் வேலை கொடுத்தது கல்விக் கொள்கையல்ல; அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. புடவை இறக்குமதி இறுகியதும் மருதமுனைச் சாரத்துக்குக் கிராக்கி ஏறியது. வீட்டுக்குள்ளேயே குழித்தறி. ஒருவர் நெய்ய, இன்னொருவர் பாவு சரிபார்க்க, சின்னப் பிள்ளைகள் தார் சுற்றும். நூல் பங்கீட்டில் வந்தது. வராத வாரம் தறி சும்மா கிடக்கும். 1973இல் எண்ணெய் விலை ஏறி, பாணுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அந்த வீடுகளில் கைக்கு வேலை இருந்தது. வயிறு நிறைந்ததா என்பது வேறு விஷயம். அதே கட்டுப்பாடுதான் கொழும்பிலே இறக்குமதிப் புடவை விற்ற நம்மவரின் கடையைக் காலியாக்கியது. எழுபதுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கடைக்காரரின் நட்டத்தையே சொல்கிறோம். நெசவாளியின் கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

1977இல் ஆட்சி மாறியது. இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி அளவீடுகளின்படி 1973இல் 24 சதவீதமாயிருந்த வேலையின்மை 1978/79இல் 14.8 சதவீதமாக இறங்கியது. கட்டுமானம், வியாபாரம், மத்திய கிழக்குப் பயணம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் நாட்டுக் கணக்கு இறங்கிய அதே வருடங்களில்தான், மலிவான வெளிநாட்டுத் துணியோடு போட்டியிட முடியாமல் கைத்தறிகள் ஒவ்வொன்றாய் நின்றன. வீட்டில் நெய்துகொண்டிருந்த பெண் தறியை விட்டால் வேலை தேடி எந்தக் கந்தோருக்குப் போவாள்? தேடாதவர் வேலையற்றோர் பட்டியலில் சேர்வதில்லை. ஆகவே அவளுடைய இழப்பு அந்த 14.8க்குள் வரவே இல்லை.

மூத்தம்மாவின் தறிக்குழியை, சின்ன மாமா சவூதியிலிருந்து அனுப்பிய காசில் மண்போட்டு நிரவிச் சீமெந்து பூசினார்கள். அந்த இடத்தில் பிறகு தையல் மெசின் ஒன்றை வைத்தார்கள்.