பட்டாளம் சென்ற பாட்டனார்

அருப்புக்கோட்டையை அடுத்த பாலவனத்தம் தமிழறிஞர்கள் மறவாத ஊர். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவரும், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராய் நின்றவருமான பாண்டித்துரைத் தேவர் இவ்வூரின் ஜமீன்தார். ஜமீன்தாரின் வரலாறு ஏட்டில் ஏறிவிட்டது. அதே கரிசல் மண்ணில் கண்மாய் வற்றிய ஆண்டுகளில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பட்டாளத்துக்கும் புறப்பட்டுப்போன எளிய மக்களின் வரலாறோ வீட்டுத் திண்ணைகளோடு நின்றுவிட்டது. திண்ணையில் அமர்ந்து அதைச் சொன்னவர்களும் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர்.

முதல் உலகப் போரில் (1914-1918) இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. இரண்டாம் உலகப் போரில் (1939-1945) இந்தியப் படையின் தொகை 25 லட்சத்தை எட்டியது. சென்னை மாகாணமும் இதற்கு ஆட்களை அள்ளித் தந்தது. குதிரை வீரனைக் குறிக்கும் ‘ராவுத்தர்’ என்ற பட்டத்தைப் பெயரோடு சுமக்கும் நம் குடும்பங்களில், பட்டாளத்துப் பாட்டனார் ஒருவரேனும் இருந்திருப்பதில் வியப்பில்லை. ஆயினும், அவர் எந்தப் படையில், எந்த நாட்டில், எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்று கேட்டால் பேரப்பிள்ளைகளாகிய நாம் விழிக்கிறோம்.

“யுத்தத்துக்குப் போனார்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வாழ்க்கைகள் அடங்கியிருக்கக்கூடும். பிரிட்டிஷ் இந்தியப் படையில் சம்பளம் பெற்ற சிப்பாய் ஒருவர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் உருவாகி, 1943 முதல் நேதாஜியின் தலைமையில் எழுந்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் மற்றொருவர். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஓட்டிச்சென்று, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில்பாதையில் வதைத்த தொழிலாளி மூன்றாமவர். இவர்கள் மூவரையும் ஒன்றாகக் கலந்து பேசினால் மூவருக்கும் நாம் அநீதி இழைத்தவராவோம்.

ஒரு செய்தியை யார் யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த பின்னரே ஏற்பது ஹதீஸ் கலை வல்லுநர்களின் முறை. குடும்ப வரலாற்றுக்கும் அம்முறையே தகும். பாட்டியார் நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது எனப் பிரித்தெழுதுவது முதல் வேலை. அடுத்தது டிரங்குப் பெட்டி. முதல் உலகப் போரின் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளிக்காக உருக்க விற்றுவிட்டால், பாட்டனாரின் படை எண்ணையும் சேர்த்து உருக்கியவராவோம். படையிலிருந்து விடுவித்த சான்றிதழ், பென்ஷன் தாள், முகாமிலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றின் மதிப்பும் இத்தகையதே.

பெயரைத் தேடும்போது பொறுமை வேண்டும். முகம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலக் குமாஸ்தாக்கள் நான்கைந்து விதமாய் எழுதினர். மீரான், இபுராகிம், சாயபு போன்றவற்றின் கதியும் அதுவே. ஆகையால் பெயரோடு தந்தை பெயரும், ஊரும், தாலுகாவும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் அவசியம். மாவட்டத்தின் பெயரிலும் விழிப்பு வேண்டும். பாலவனத்தமும் திருச்சுழியும் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. ஆனால் அம்மாவட்டம் 1985-இல்தான் பிறந்தது. அதற்கு முன், 1910-இல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டமே இப்பகுதியின் முகவரி. எனவே போர்க்காலத் தாள்களில் ‘ராம்நாடு’ என்றுதான் தேட வேண்டும்.

பஞ்சாப் மாகாணத்து முதல் உலகப் போர் வீரர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தன. 2021 முதல் அவை கணினி வழியே மக்கள் பார்வைக்கு வரத் தொடங்கின. நம் பக்கத்துக் குடும்பங்களோ படைப்பிரிவை அறிந்துகொண்டு அதன் வாசலைத்தான் தட்ட வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பதிவகம் நீலகிரி வெலிங்டனில் உள்ளது; மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படையினது பெங்களூரில் உள்ளது. களத்தில் உயிர் நீத்தவராயின், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயர் இருக்கும். ரங்கூனை அடுத்த தவுக்கியானில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் நினைவுத் தூண்களில், பர்மாப் போரில் மாண்ட இந்திய வீரர்கள் பலரின் பெயர்களைக் காணலாம்.

நேதாஜியின் படையில் இருந்தவரைத் தேடுவோர் புதுதில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். போர் முடிந்ததும் ஆங்கிலேயர் அப்படையினரை விசாரித்து ‘வெள்ளை’, ‘சாம்பல்’, ‘கறுப்பு’ என மூன்று நிறமாய்ப் பிரித்தனர். கறுப்பு என முத்திரை பெற்றோர் சம்பளத்தையும் இழந்து வெளியேற்றப்பட்டனர். சுதந்திர இந்தியாவிலும் அவர்கள் மீண்டும் படையில் சேர்க்கப்படவில்லை. 1972-இல் மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் வந்தபோதுதான் பலர் வாய் திறந்தனர். அதற்கு முன்பே மறைந்தவர்களின் மௌனத்தை அவர்தம் பிள்ளைகள் அச்சம் என்று எண்ணியிருக்கலாம்; அது காயமாகவும் இருந்திருக்கலாம்.

நம் குடும்பங்களுக்கு மிக முக்கியமான தாள் போருக்குப் பிந்தையது. 1947-இல் நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. இந்தியப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் வீரர் இரு நாடுகளில் எதையும் தேர்ந்துகொள்ளலாம் என்பது அன்றைய விதி. பாகிஸ்தானைச் சேர்ந்த முஸ்லிம் வீரருக்கோ, இந்தியப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிமல்லாத வீரருக்கோ இவ்வுரிமை கிடையாது. ஆகவே, அன்று படையில் இருந்த தமிழ் முஸ்லிம் சிப்பாயின் முன்னும் அக்கேள்வி நின்றது. பலூச் படைப்பிரிவைச் சேர்ந்த பிரிகேடியர் முகம்மது உஸ்மான் இந்தியாவைத் தேர்ந்தார். அவருடைய பிரிவு பாகிஸ்தானுக்குப் போகவே டோக்ரா பிரிவுக்கு மாற்றப்பட்டு, 1948 ஜூலை 3-இல் காஷ்மீர்ப் போர்முனையில் ஷஹீதானார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டதை நாடறியும். இந்தியாவைத் தேர்ந்து, பணி முடித்து, பெட்டியோடு ஊர் திரும்பி, மீண்டும் பருத்திக் காட்டில் இறங்கிய சிப்பாய்க்கு அவருடைய படைத் தாள்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. நாட்டுப்பற்றை நிரூபிக்குமாறு பேரனிடம் எவரேனும் கேட்கும் நாளில், பாட்டனார் முன்பே விடை சொல்லிவிட்டதை அத்தாள்கள் காட்டும்.

தேடியெடுக்கும் வரலாறு நாம் விரும்பியபடி அமையாமலும் போகலாம். நேதாஜியின் வீரர் என்று கேட்டு வளர்ந்தவர் ஆங்கிலப் படையின் சமையற்காரராக இருந்திருக்கலாம். சிப்பாய் என்று கேட்டவர் ரயில்பாதைக் கூலியாகவும் இருந்திருக்கலாம். அதனால் அவர் மதிப்புக் குறைவதில்லை. வறண்ட பூமியில் வாடிய பிள்ளைகளுக்கு உணவு தேடிக் கடல் கடந்தவர் அவர். அவரை உள்ளபடி அறிவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. ஆகவே, பழைய வீட்டை இடிப்பதற்கு முன் பரணில் கிடக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளதை எழுதி, நகலெடுத்து, மதரஸாவிலோ ஊர் நூலகத்திலோ ஒரு படி வையுங்கள். கரையான் நமக்காகக் காத்திருப்பதில்லை.